ஜன்னலை மறைத்த வேன்

“இன்னைக்கும் கொண்டுவந்து நிறுத்திட்டாரு பாருங்க, வெண்டி அக்கா! மேல அவர் வீட்டு முன்னாடி அவ்வளவு இடம் சும்மா கிடக்கு. என் ஜன்னல்தான் கிடைச்சுதா அவருக்கு?”

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேசி என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

பாவம், அவள் கேட்டதில் என்ன தப்பு? ஷெஃபீல்டில் மேடு இல்லாத தெரு எங்கே இருக்கிறது, ஆனால் எங்கள் தெருவில் ஏறினால் நாக்குத் தள்ளிவிடும். அந்தச் சரிவின் அடியில், சரியாகத் தெருக்குத்தில் இருக்கிறது ஸ்டேசியின் வீடு. போன கோடையில்தான் வாங்கிக் குடிவந்தாள்.

சரிவின் உச்சியில் இருப்பவர் பீவர்ஸ். ரிட்டயரான பிளம்பர். அவருடைய துருப்பிடித்த வேன் நவம்பர் பிறந்தால் கீழே வந்துவிடும். ஸ்டேசியின் முன்னறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். மார்ச் முடிந்தால்தான் மேலே போகும். ஓட்டை வண்டி, குளிரில் மேடு ஏறாது போலிருக்கிறது என்று தெருவே பேசிக்கொள்ளும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

“ஏன் பீவர்ஸ், அந்தப் பொண்ணு வீடு பகல்லயே இருட்டிக் கிடக்கு. வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினா குறைஞ்சா போயிடுவீங்க?”

“வசந்தம் வரட்டும் கண்ணு, எடுத்துடறேன்.”

அவ்வளவுதான் பதில். மூட்டுவலிக் காலை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டார்.

“சரியான அழுத்தக்காரக் கிழம்!” என்றேன் வீட்டுக்கு வந்து.

“உனக்கும் அந்த வேனுக்கும் போன ஜென்மத்துப் பகையா?” என்று சிரித்தார் என் கணவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஜனவரியில் பீவர்ஸ் மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டு, அப்படியே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்ப ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று நகர கவுன்சிலுக்குப் போன் செய்தேன்.

“இங்க ஒரு வேன் கேட்பாரில்லாம கிடக்குதுங்க.”

“யாரோட வண்டின்னு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

கூசாமல் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆட்கள் வந்து வேனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பார்க்க ஆளில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

சந்தோஷத்தில் ஸ்டேசிக்குத் தலைகால் புரியவில்லை. எலுமிச்சை கேக் சுட்டு, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

“இந்த ரூம்ல இப்பத்தான்க்கா வெளிச்சத்தைப் பார்க்கிறேன். தொட்டிலை ஜன்னலோரம் போட்டுடலாமா?”

நானும் ஒரு பக்கம் பிடித்து நகர்த்திக் கொடுத்தேன்.

பனி வருகிறது என்று செய்தி வந்தாலே எங்கள் தெருவில் எல்லோரும் முதல் நாளே காரைக் கீழே மெயின் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். பிப்ரவரியில் அப்படிச் செய்தி வந்த ஒரு செவ்வாய்க்கிழமை நான் நிறுத்தவில்லை. மத்தியானம்தான் பனி என்று ரேடியோவில் சொன்னார்களே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் தெரு முழுக்க வெள்ளை. மெதுவாக ஓட்டினால் இறங்கிவிடலாம் என்று காரை எடுத்தேன். பாதிச் சரிவில் சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன். கார் நின்றால்தானே? ஸ்டேரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் நேரே போனது.

ஸ்டேசி வீட்டின் சின்ன மதிலை இடித்து, ஜன்னலை உடைத்து, முன்னறைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

கண்ணைத் திறந்தேன். எதிரே தொட்டில். தொட்டில் நிறையக் கண்ணாடித் துண்டுகள்.

என் உயிர் என்னிடம் இல்லை. “ஸ்டேசி! ஸ்டேசி!” என்று அலறினேன். சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். ஒரு கையில் கஞ்சிக் கரண்டி, இன்னொரு கையில் குழந்தை. கடவுளே, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை! இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

மத்தியானம் பீவர்ஸ் வந்தார். மகள் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். இடிந்த மதிலைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“குழந்தை?”

“நல்லா இருக்கான், தூங்கறான்” என்றாள் ஸ்டேசி.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மேல எந்த வண்டி வழுக்கினாலும் இங்கதான் வந்து முட்டும். அதுக்குத்தானே வருஷா வருஷம் வேனைக் குறுக்கே போட்டு வச்சேன்.”



“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றாள் ஸ்டேசி.

“கைக்குழந்தைக்காரி நீ. ஆசையா வாங்கின வீடு. சொல்லியிருந்தா இந்த ரூம்ல ஒரு நாளாவது நிம்மதியா உட்கார்ந்திருப்பியா கண்ணு?”

ஸ்டேசி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“வேனை எவனோ திருடிட்டுப் போயிருக்கான். நான்தான் கவனிக்காம மக வீட்டுல சொகுசா படுத்துக் கிடந்துட்டேன். என் தப்புதாம்மா. ரெண்டு பேரும் என்னை மன்னிச்சிடுங்க.”