பெயர் வாங்கிய குளவி

பூச்சி ஆராய்ச்சிக்காரர் ஒருவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள், குண்டூசியில் குத்தி வைத்திருந்த குளவி ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. 'புது இனம்' என்று அதன் காலடியில் சிவப்புச் சீட்டு வைத்திருந்தார்கள்.

"புதுசாம்! எங்க பரம்பரை எத்தனை காலமா இந்தக் காட்டுல இருக்கு! நேத்துப் பார்த்துட்டு எனக்குத் தன் மாமனார் பேரை வச்சுட்டான். உடம்புல ஊசி குத்துறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டானா?"

பக்கத்து அட்டையில் ஒட்டியிருந்த வெறும் புழுத்தோலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வாயை மூடு! உங்கம்மா என் முதுகுல ஊசியை இறக்கி உன்னை முட்டையா வச்சாளே, என்னைக் கேட்டாளா? நான் உயிரோட இருக்கும்போதே உள்ளே இருந்து தின்னியே, நீ கேட்டியா?"

"அது எங்க வழக்கம்" என்று முனகியது குளவி.

"உன் சீட்டுல கடைசி வரியைப் படி."

குளவி படித்தது: 'ஏதோ ஒரு புழுவிலிருந்து வெளிவந்தது.'

"அவனுக்குத்தான் தெரியலை, விடு. என்னைத் தின்னே வளர்ந்தவன் நீ. என் பேரு என்ன, சொல்லு பார்ப்போம்!"

அன்றிலிருந்து குளவி கத்துவதில்லை.