வயர் இல்லாத கிட்டார்

"வயர வேரோட வெட்டு, தர்மா. ஒரு விரல் நீளங்கூட தொங்கக் கூடாது."

லியோனார்ட் அதைச் சொன்ன விதமே தர்மாவுக்குச் சரியாகப் படவில்லை. மேசையில் கிடந்தது நிஜக் கிட்டார் கூட இல்லை. டிவியில் பாட்டு ஓட, திரையில் வரும் நிறத்துக்கேற்ற பொத்தானை அமுக்கி வாசிக்கிற வீடியோ கேம் கிட்டார். லியோனார்டின் மகன் நிக்கலஸ் உயிராக வைத்திருந்தது.

மலையடுத்த தானா ராத்தா டவுனில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான் தர்மா. காலையில் போன் போட்டு, "உடனே எஸ்டேட்டுக்கு வா, தம்பி" என்று கெஞ்சாத குறையாக அழைத்திருந்தார் லியோனார்ட். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அதிர்ந்து பேசாத மனிதர்.

"வயரு நல்லாத்தானே இருக்குண்ணே? பழைய செட்டு லா இது. போர்டு தீஞ்சு போச்சுன்னா வேற கிடைக்காது."

"தீயாம செய். வயர் இல்லாம வேலை செய்யணும். சார்ஜ் போடுற கேபிளும் வேணாம். பேட்டரி மாத்துற மாதிரி செய்."

தர்மா திருகாணிகளைக் கழற்றினான். தன் கருவிப் பையில் கிடந்த பழைய வயர்லெஸ் ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிரித்து, அதன் போர்டைக் கிட்டாரின் வயிற்றுக்குள் பொருத்திப் பார்த்தான். இடம் போதும்.

"தோள்ல மாட்டுற வார் எங்கண்ணே?"

"எரிச்சிட்டேன்."

தர்மா நிமிர்ந்து பார்த்தான். லியோனார்ட் ஜன்னல் வழியாக மஞ்சு மூடிய தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கத்தி குடுங்கண்ணே. பட்டன் வயரோட தோல உரிக்கணும்."

"வீட்ல கத்தி இல்ல."

கத்தி இல்லாத வீடா? தர்மா பல்லாலேயே உரித்தான். கை கழுவ எழுந்து போனவன், வழியில் நிக்கலஸின் அறையைக் கண்டு நின்றுவிட்டான். கதவில் தாழ்ப்பாள் இல்லை. பிடுங்கிய இடத்தில் புதிய ஓட்டைகள். ஜன்னலில் திரை இல்லை, திரை மாட்டும் கம்பியும் இல்லை. மெத்தையில் விரிப்பைக் காணோம். அறை முழுக்க மருந்துத் தண்ணீரில் கழுவிய நெடி.

எஸ்டேட் கடைக்காரி சுபத்ரா சொன்னது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. 'போன மாசம் ஒருநாள் அந்த வீட்டுல பெரிய சத்தம். லியோனார்ட் பொண்டாட்டி கத்தரீன் அலறுனது லைன் வீடுங்க முழுக்கக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பையன யாருமே பாக்கல. அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு லியோனார்ட் சொல்றாரு. நம்புறியா நீ?'

தர்மா அறைக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்குற?" லியோனார்ட் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லண்ணே... நிக்கலஸ் எங்கண்ணே?"

"வேலைய முடி, தம்பி."

திரும்பி வரும்போது வாசலைப் பார்த்தான். கதவு பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணே பூட்டிட்டீங்க?"

"யாராச்சும் வந்தா கேள்வி கேப்பாங்க."

தர்மா மறுபடி மேசை முன் உட்கார்ந்தான். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு பொத்தானின் முனையையும் சால்டரிங் அயர்னால் போர்டில் பற்றவைத்தான். மேசைக்கு அடியில் இடது கையால் நண்பனுக்குச் செய்தி தட்டினான். 'லியோனார்ட் அண்ணன் வீட்ல இருக்கேன். நான் வரலைன்னா போலீசுக்குச் சொல்லு.' வீட்டுக்குள் சிக்னல் இல்லை. செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியாக வயரை வெட்டினான். கறுப்பாக, நீளமாகத் தரையில் விழுந்தது. லியோனார்ட் பாய்ந்து அதை எடுத்துக்கொண்டார். குறடால் துண்டு துண்டாக நறுக்க ஆரம்பித்தார். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"சுருட்டி வைங்கண்ணே. வேற எதுக்காச்சும் உதவும்."

"உதவக் கூடாது!"

அந்தச் சத்தத்தில் தர்மா எழுந்தே விட்டான். மூடியை எப்படித் திருகினான், எப்படி பேட்டரி போட்டான் என்று அவனுக்கே தெரியாது. டிவியில் கேம் உயிர்பெற்றது. பொத்தானை அமுக்கினால் நிறம் மின்னியது.

"முடிஞ்சிருச்சுண்ணே. கதவத் திறங்க. நான் கெளம்புறேன்."

லியோனார்ட் அசையவில்லை. வெளியே கார் ஒன்று மேடேறி வந்து நின்றது. அவர் முகம் வெளிறியது. சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

காரிலிருந்து கத்தரீன் இறங்கினாள். அவள் கையைப் பிடித்தபடி, மெலிந்து, கண் உள்ளே போய், நிக்கலஸ் இறங்கினான். உள்ளே வந்தவன் கிட்டாரைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். கத்தரீன் அவன் பின்னாலேயே போனாள்.

தர்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "என்னண்ணே நீங்க... என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன் லா!"

லியோனார்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"ஈப்போ ஆஸ்பத்திரியிலேருந்து இன்னைக்குத்தான் விட்டாங்க, தம்பி. சாகப் போனவன இழுத்துப் பிடிச்சுக் கொண்டாந்திருக்கோம். கயிறு மாதிரி எதுவுமே அவன் ரூம்ல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு... அவன் கேட்டது இந்தக் கிட்டார் ஒண்ணுதான்."