பிலிமில் இரண்டு புள்ளிகள்

கண்ணாடி மேசைக்கு அடியில் குழல்விளக்கு எரிகிறது. சிவகாசிக்கு இது காலண்டர் சீசன். பக்கத்து அறையில் ஆப்செட் மெஷின் தாளம் தப்பாமல் ஓடுகிறது. அச்சுக்குப் போகும் பிலிமில் விழும் வேண்டாத கறுப்புப் புள்ளிகளைப் பிளேடால் சுரண்டி எடுப்பதுதான் செய்யது அபுதாஹிருக்கு அன்றாட வேலை. இப்போது மேசைமேல் கிடப்பதோ அவர் மனைவி நசிமாவின் வயிற்று ஸ்கேன். குடலில் இருந்த புற்றுக்கட்டியைப் போன வருஷமே எடுத்தாயிற்று. அது ஈரலுக்குப் பரவி, இரண்டு கறுப்புப் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கிறது. நாளை மதுரையில் ஆபரேஷனுக்குச் சேர வேண்டும். “அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்துருவாகளாம். மிச்ச ஈரல் தானா வளந்துருமாம்ல,” என்கிறாள் அச்சகத்துக்கு டீ கொண்டுவந்திருக்கும் நசிமா, அதை ஆற்றிக்கொண்டே. அவர் ‘உம்’ கொட்டியபடி லென்ஸை வைத்துக் குனிகிறார். கை தன்போக்கில் பிளேடை எடுக்கிறது. மூச்சை அடக்கி, ஓரத்திலிருந்து உள்ளே பூப்போலச் சுரண்டுகிறார். கறுப்புத் தூள் உதிர்கிறது. புள்ளி இருந்த இடத்தில் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. பிளேடு நழுவிக் கண்ணாடியில் விழுகிறது. “யா அல்லா! என்ன காரியம் பண்ணிட்டேன். டாக்டரு கேப்பாகளே...” நசிமா டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறாள். அடியிலிருந்து வரும் வெளிச்சம் அவள் முகத்தில் படுகிறது. “அவுககிட்ட வேற பிலிம் ஒண்ணு இருக்கு,” என்று பிளேடை எடுத்து அவர் விரலிடுக்கில் வைக்கிறாள். “இன்னொரு புள்ளியையும் எடுத்துருங்க. பாதியில விட்டா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது.”