சாமியம்மாள் வீட்டு டீ

மலைக்குப் போகும்போதெல்லாம் வீரமணி சாமியம்மாள் வீட்டில் டீ குடிப்பது உண்மைதான். அதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

“டீ மட்டுந்தானா, பணியாரமும் உண்டா?” என்றார் மேனேஜர் ஐயப்பன். வீரமணி ஓட்டும் மினி லாரியின் சாவியை வாங்கித் தன் மேசைமேல் வைத்திருந்தார்.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் அந்த உழவர் கம்பெனிக்குக் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வருகிறது. இந்த மாதத்தில் மூன்று முறை, மலைமேல் ஓர் ஊரில் சாமியம்மாள் வீட்டு மூட்டை மட்டுமே வண்டி ஏறியிருக்கிறது. மற்ற பத்து வீட்டுக் கிழங்கும் பிடுங்கிய இடத்திலேயே கறுத்துப்போனது. அவர்களோ, “நாங்களும் சொல்லியாச்சே” என்கிறார்கள்.

“லிஸ்ட்ல இருக்கிற வூட்டுலதான் சார் ஏத்துறேன். மத்தவங்களுக்குப் போன் போட்டுக் கேக்கலாம்னா ஊருக்குள்ள டவரே கெடையாது. டவர் வேணும்னா பாறை மேல ஏறணும்.”

“லிஸ்ட் போடறது மெஷினு. அது டீ குடிக்காது வீரமணி. பேரை அழிக்கிற வசதி ஒன் போன்லதான் இருக்கு. மத்தியானக் கூட்டத்துக்குள்ள வேற காரணம் தெரியலன்னா, சாவி வேற ஆளுக்குப் போயிடும்.”

அந்த மெஷினை, அதாவது ஏ.ஐ. ஏஜென்ட்டை, அமைத்தவள் கம்பெனியில் கணினி வேலை பார்க்கும் மெர்லின். எத்தனை மூட்டை ஏற்ற வேண்டும் என்று உழவர்களிடமிருந்து நாளுக்கு முந்நூறு குரல் செய்தி வரும். உட்கார்ந்து கேட்க ஆளில்லை. செய்தி உள்ளே போகும், லிஸ்ட் வெளியே வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. கணக்குக்கு விடை மட்டும் இருந்தது, ஸ்டெப் இல்லை.

அதனால் நேற்று, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளை இறக்கி ஏஜென்ட்டோடு இணைத்திருந்தாள். பஸ் கண்டக்டர் ஒவ்வொரு ஸ்டேஜிலும் எத்தனை டிக்கெட் போனது என்று இன்வாய்ஸ் எழுதுவதுபோல, ஏஜென்ட் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியையும் அது எழுதிவைக்கும்: எப்போது, என்ன வந்தது, என்ன முடிவு எடுத்தது.

இன்று காலைச் செய்திகள் திரையில் செய்திக்கு ஒரு பட்டையாக நின்றன. ஏழு மணியிலிருந்து ஏழேகாலுக்குள் அந்த ஊரிலிருந்து பதினொன்று. அதில் பத்துக்கு நேராக ‘நீக்கப்பட்டது’.

“பாத்தியாம்மா, பத்தையும் தூக்கிட்டான்.”

“ஏழு மணிக்கு நான் சின்னசேலத்துல டீசல் போட்டுக்கினு இருந்தேன் சார்.”

“அங்கயும் டீயா?”

மெர்லின் முதல் பட்டையைத் திறந்தாள். நீக்கியவர் என்ற இடத்தில் வீரமணி பெயர் இல்லை, ஏஜென்ட் என்றிருந்தது. பக்கத்திலேயே காரணம்: அதே எண்ணிலிருந்து அடுத்த செய்தி வந்துவிட்டது. இரண்டாவது பட்டையிலும் அதே காரணம், அதே எண்; வீடு மட்டும் வேறு.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“தப்பு என்னுது சார். மொதல்ல நாலு மூட்டைம்பாங்க, அப்புறம் அஞ்சும்பாங்க. அதனால ஒரே நம்பர்லேருந்து மறுபடி வந்தா பழசை அழிச்சிடுன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். இனிமே நம்பரோட, எந்த வூடுன்னும் பாக்கும்.”

ஒரு விதியை மாற்றி, காலைச் செய்திகளை மறுபடி ஓடவிட்டாள். பதினொரு வீடும் லிஸ்டில் வந்து நின்றன.

ஐயப்பன் சாவியை வீரமணி பக்கம் தள்ளினார். “அது சரி, அந்தம்மாவுது மட்டும் எப்பவும் அழியாம நின்னுச்சே, எப்படி?”

மெர்லின் கடைசிப் பட்டையைத் திறந்து ஒலியைக் கூட்டினாள். பாறைமேல் அடிக்கும் காற்றின் இரைச்சலோடு சாமியம்மாளின் குரல் வந்தது.

“மத்த பத்து வூட்டுக்கும் சொல்லிட்டேங்க, கடைசியா எங்களுது ரெண்டு மூட்டை, வண்டியில எடம் இருந்தா ஏத்திக்கினு போங்க.”