நம்பர் பார்க்கலையாம்!

"பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறானா, உருளைக்கிழங்கு மூட்டையை ஏத்திட்டுப் போறானா? இவனை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும், டீச்சர்!"

பெயிண்ட் கடைக்காரர் மேசையைத் தட்டிய தட்டில் தலைமையாசிரியையின் பேனா உருண்டு கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அந்த அம்மாவை யாரும் விடவில்லை. அறை முழுக்கப் பெற்றோர். உட்காரத்தான் இடமில்லை, பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

விஷயம் இதுதான். முந்தின நாள் ஆண்டு விழா ஒத்திகை முடிய நேரமாகிவிட்டது. இருட்டிய பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பள்ளி வேன், வழியில் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பையனுக்கு உதடு கிழிந்தது. ரெண்டு மூணு பேருக்கு முட்டியில் சிராய்ப்பு. ஆனால் பெத்த மனசு கேட்குமா?

வேன்காரர் சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நெற்றியிலும் ஒரு பிளாஸ்திரி. அதை யாரும் விசாரிக்கவில்லை.

"என்னதான் நடந்துச்சு? வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றார் தலைமையாசிரியை, சலிப்போடு.

"எதிர்ல ஒரு கார் வந்துச்சு டீச்சர். நாலு லைட்டு, நாலும் வெள்ளை வெளேர்னு. டிம் பண்ணச் சொல்லி நானும் விட்டு விட்டு அடிச்சுக் காட்டினேன். கேக்கவே இல்லை. முன்னாடி ரோடு எங்க இருக்கு, பள்ளம் எங்க இருக்கு, ஒண்ணும் தெரியலை. வேகத்தைக் குறைச்சு ஓரமா ஒதுங்கினேன். சக்கரம் இறங்கிடுச்சு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" பெயிண்ட் கடைக்காரர் கையை விரித்தார். "அந்த ரோட்டுல நான் தினமும் போறேன், வர்றேன். எத்தனை லைட்டு கண்ணுல அடிக்குது! ஒரு நாளாவது பள்ளத்துல இறங்கியிருப்பேனா? எதிராளி அடிச்சா நாமளும் திருப்பி அடிக்கணும். தானா அடங்குவான். இது தெரியாதவனுக்கு எதுக்கு ஸ்டியரிங்?"

"அதானே!" என்று ரெண்டு குரல்கள் கூடவே ஒத்து ஊதின.

உதடு கிழிந்த பையனின் அம்மாவுக்கு வேறு கவலை. "இருங்க. அந்தக் கார் நம்பர் என்ன, அதைச் சொல்லுங்க. போலீஸ்ல கொடுப்போம். பிள்ளைங்க உயிரோட விளையாடுறவன் எவனா இருந்தாலும் சும்மா விடக்கூடாது."

வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "பார்க்கலைங்க."

"என்ன கலர்?"

"கவனிக்கலைங்க."

பெயிண்ட் கடைக்காரருக்கு வந்ததே கோபம்! "லைட்டை மட்டும் நாலுன்னு எண்ணத் தெரியுது, நம்பர் பார்க்கலையாம்! யார் காதுல பூ சுத்துறே? தண்ணியைப் போட்டுட்டு ஓட்டியிருப்பே. அப்படி ஒரு காரே வந்திருக்காது!"

"ஐயோ சார், அவர் அதைக் கையாலகூடத் தொட மாட்டார்!" வேனில் பிள்ளைகளோடு வரும் ஆயா முன்னால் வந்தார். "கார் வந்தது நிஜம். அது எங்களைத் தாண்டிப் போனப்போ நாங்க எல்லாருமே..."

"ஆயாம்மா!" வேன்காரர் அதட்டினார். "நீங்க சும்மா இருங்க. அந்த இருட்டுல நீங்க என்னத்தைக் கண்டீங்க?"

ஆயா பின்னால் நகர்ந்துகொண்டார்.

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா? சாட்சியையும் பேச விட மாட்டேங்கிறான். மடியில கனம், அதான் வழியில பயம்!"

அதற்கு மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? இத்தனை வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்று தலைமையாசிரியை மெல்லச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

வேன்காரர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என் சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது டீச்சர். கேட்டுல நிக்கிற வேலையா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லியனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வழி விடக்கூட ஒருவரும் நகரவில்லை.

பெயிண்ட் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ரெண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா இருக்கேன், உனக்கு என்னம்மா கவலை? இனிமே அந்த வேனே வேண்டாம். தினமும் நம்ம கார்லயே வரலாம், போகலாம்."

"கார் வேண்டாம்ப்பா. பயமா இருக்கு."

"அட, நம்ம கார்ல என்னடி பயம்?"

"நேத்து லைட்டு அடிச்சுதே, அந்தக் காரும் நம்ம கார் மாதிரியே இருந்துச்சுப்பா. பின்னாடி கண்ணாடியில என் பேருகூட எழுதியிருந்துச்சு. 'அப்பா, அப்பா'ன்னு கத்தினேன், நிக்காமப் போயிடுச்சு. நான் ரொம்ப அழுதேன்."

"அப்... அப்புறம்?"

"வேன் மாமாதான் என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. 'அழாதே கண்ணு, உன் பேர்ல ஊருக்குள்ள எத்தனையோ பிள்ளைங்க இருக்கு. உங்க அப்பாவா இருந்தா நம்மளைப் பார்த்ததும் லைட்டை டிம் பண்ணியிருப்பாரே'ன்னு சொன்னாருப்பா."