அனைவரும் வருக

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவளுக்கு வழிவிட்டான். அவளுக்குப் பின்னால் வந்த லொரெட்டாவுக்கு விடவில்லை.

"நீங்க உள்ளே போகலாம் அம்மா. இவங்க கூடாது."

மரியாதையாகத்தான் சொன்னான். சிரித்த முகம்.

அவள் அரக்குப் பட்டுப் புடவையில் இருந்தாள். லொரெட்டா சாம்பல் நிறக் கோட்டில். இருவர் நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். லொரெட்டா ஒரு சாயல் வெளுப்பு என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் லொரெட்டா அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினப் பெண்.

அவள் மதுரையிலிருந்து படிக்க வந்தவள். வந்த நாளிலிருந்து மாணவியர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை.

திங்கட்கிழமைதோறும் பல்கலைக்கழகம் ஓர் அறிவிப்புத் தாள் வெளியிடும். அதைத் தட்டச்சு செய்வது லொரெட்டாவின் பகுதிநேர வேலை. பாடகர் குழு ஒத்திகை, கால்பந்துப் பந்தயம், நூலகத்தில் யாரோ விட்டுப்போன குடை. இந்த வாரம் அதன் நடுவில் ஒரு கட்டம் கட்டியிருந்தாள்.

சனிக்கிழமை, நண்பகல். அயல்நாட்டு மாணவர் சங்க விருந்து. சங்கத்தின் இந்திய மாணவி 'இன்றைய இந்தியா' பற்றிப் பேசுகிறார். அனைவரும் வருக.

கடைசி இரண்டு சொற்களை லொரெட்டாவே சேர்த்தாள்.

பேச்சு தயாரானபோதும் கூட இருந்தாள். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாக்கு தடுக்கிய இடங்களில் நிறுத்தி, திரும்பச் சொல்லவைத்தாள்.

விருந்து எப்போதும் வளாகத்துக்குள் நடப்பது. கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று கடைசி நேரத்தில் ஊருக்குள் இருந்த இந்த ஓட்டலுக்கு மாற்றியிருந்தார்கள்.

உள்ளேயிருந்து நெல்லையப்பன் வந்தான். சங்கத்தின் செயலாளர். திருநெல்வேலிக்காரன், பொறியியல் படிப்பவன்.

"என்னங்க, இங்கேயே நின்னுட்டீங்க? பேராசிரியரெல்லாம் வந்து உக்காந்தாச்சு."

"இவளை விடமாட்டேங்கிறான்."

அவன் லொரெட்டாவைப் பார்த்தான். பிறகு தன் காலணியைப் பார்த்தான். தமிழ் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினான்.

"அது அவங்க ஊர் வழக்கம். வந்த இடத்துல நமக்கெதுக்கு வம்பு? நீங்க வாங்க."

லொரெட்டா அவள் தோளில் சரிந்திருந்த முந்தானையை ஏற்றிவிட்டாள்.

"போ. நேரமாகுது உனக்கு."

அவள் போனாள்.

போகாமல் இருந்திருக்கலாம் என்பது கதவைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது. அப்போதும் திரும்பியிருக்கலாம். அதற்குள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள்.

அவளுக்கென்று தனியாக வேகவைத்த காய்கறி வந்தது. இறைச்சி சாப்பிடாதவள் என்று விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த அக்கறை தொண்டையில் இறங்கவில்லை.

அணைகளைப் பற்றிப் பேசினாள். முதல் பொதுத் தேர்தலைப் பற்றி, வாக்குச்சாவடி வாசலில் விடியுமுன் வந்து நின்ற பெண்களைப் பற்றிப் பேசினாள்.

முடிந்ததும் முன்வரிசையில் நரைத்த தலை அம்மாள் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"உங்கள் நாட்டில் சில சாதிக்காரர்களைக் கோவிலுக்குள்ளேயே விடமாட்டார்களாமே?"

"அது பழைய கதை. எங்கள் ஊர்ப் பெரிய கோவிலில், நான் சிறுமியாக இருந்தபோதே, எல்லோருக்கும் நாங்கள் கதவைத் திறந்துவிட்டோம்."

நாங்கள் என்று தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

நீண்ட கைதட்டல். நெல்லையப்பன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அறைக்குத் திரும்பியபோது இன்னும் வெயில் இருந்தது. லொரெட்டா மறுநாள் சர்ச்சில் பாடுவதற்கான அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு."

"கேள்வி கேட்டாங்களா?"

"புடவை எத்தனை கஜம்னு கேட்டாங்க."

லொரெட்டா தலையாட்டினாள். அங்கியின் கையைத் திருப்பிப் போட்டாள்.

"நானும் அங்கேதான் இருந்தேன்" என்றாள். "பின்வழியாப் போனேன். அங்கே சமைக்கிறவர் எங்க சர்ச்சுக்காரர். அடுப்புப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். எல்லாம் கேட்டுது."

அவள் முகம் எரிந்தது. செருப்பைக் கழற்றுகிறவள்போலக் குனிந்தாள். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தாள்.

"நல்லாத்தான் பேசினே. எந்த வார்த்தையும் தடுக்கலை."

குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"அந்தக் கோவில் விஷயம் என்கிட்ட நீ சொன்னதே இல்லையே. கதவு திறந்த அன்னிக்கு நீ போயிருந்தியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லை."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

உண்மையாகவே அப்படி நினைத்துக் கேட்டாள்.

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களை உள்ளே விட்டதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் அந்தக் கோவிலுக்குப் போறதில்லை. நானும் போனதில்லை."

லொரெட்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

அங்கியைப் பாதிதான் தேய்த்திருந்தாள்.