மதுராவின் உச்சரிப்பு

இறந்துபோன மகள் மதுராவின் நியூயார்க் வீட்டைக் காலி செய்ய லண்டனிலிருந்து கணவரோடு வந்த பவளராணி, முதலில் அவளுடைய ராப் பாட்டைப் போட்டாள். கேட்பவர் எப்படிப் பேசுவாரோ அதே உச்சரிப்பில்தான் இப்போதெல்லாம் ஸ்பீக்கர்கள் பாடுகின்றன. லண்டன் ஈஸ்ட்ஹாமில் பிறந்து வளர்ந்த மதுரா, யாழ்ப்பாணத்து ஆங்கிலத்தில் பாடினாள்.

“உம்மட இங்கிலீசைப் பழிச்சுச் சிரிச்சவள், இப்ப உம்மைப் போலவே கதைக்கிறாள்,” என்றார் கணவர்.

“நிப்பாட்டுங்கோ. பிள்ளை இப்பிடிக் கதைக்க மாட்டாள்.”

பக்கத்து வீட்டிலிருந்தும் அதே பாட்டு மங்கலாகக் கேட்டது. அங்கிருந்த அமெரிக்கப் பெண்ணும் ராப் பாடுபவள். மதுரா நேரில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஈஸ்ட்ஹாம் பேச்சுக்கு மாறியவள். அந்தத் தெருவில் பாடும் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். அவள் வீட்டில் மதுரா மதுராவாகவே பாடிக்கொண்டிருந்தாள்.

பவளராணி கதவைத் தட்டி உள்ளே போய், தான் யாரென்று சொன்னாள். அவள் பேச்சைக் கேட்டதும் ஸ்பீக்கர் பாதி வரியில் யாழ்ப்பாணத்துக்கு மாறியது. அவள் வெளியே வந்து, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நடையில் நின்றாள். உள்ளே மகளின் குரல் திரும்பி வந்தது.

“ஏனப்பா வெளியில நிக்கிறீர்?” என்றார் கணவர்.

அழுகைக்கும் உச்சரிப்பு உண்டா என்று தெரியாததால், கோட்டின் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.